வைட்பேண்ட் சென்சாரும் அத்தை ஏறாத காரும்

என் கணவர் ஒரு பொருளை வாங்க எடுத்துக்கொள்ளும் காலத்தில் எங்கள் பக்கத்தில் ராகி விதைத்து, களை எடுத்து, அறுத்தே விடுவார்கள். மிக்ஸி வாங்க ஒரு மழைக்காலம் போயிற்று. செருப்பு என்றால் நான் கடைக்கே கூடப் போவதில்லை. இத்தனைக்கும் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கேசரி ஆறுவதற்குள் சம்மதம் சொன்ன மனிதர். அதில் காட்டாத நிதானத்தை எல்லாம் சேர்த்து வைத்து ஒரு சென்சார் வாங்குவதில் காட்டினார்.

சென்சார் அவருடைய காருக்கு. கார்புரேட்டர் வைத்த பழைய சின்னக் கார் அது. எங்கள் தெருவில் அதைவிட வயதில் மூத்தது வேப்பமரம் ஒன்றுதான். நல்லம்பள்ளியில் இவர் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். குழாய், வால்வு, அழுத்தம் காட்டும் மீட்டர் என்று நாள் முழுக்கப் புழங்குகிறவருக்கு வீட்டுக்கு வந்தும் திறந்து மூட ஏதாவது வேண்டும். அதற்காகவே வாங்கிய கார் என்று நான் சொல்வேன். சமமான ரோட்டில் சமத்தாகப் போகும். ஏற்றத்தைக் கண்டால் மட்டும் மூச்சு வாங்கும்.

ஒருமுறை மூச்சு நின்றே போயிற்று. ஓமலூர்ப் பக்கம் என் மாமியாரின் தம்பி வீட்டுக் கல்யாணம். எனக்குப் பள்ளியில் தேர்வு வேலை இருந்ததால் அம்மாவும் மகனும் மட்டும் போனார்கள். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், ஒரு வளைவில், கார் இருமி இருமி அணைந்துவிட்டது. சேலம் மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு வந்த டெம்போக்காரர் ஒருவர் பாவம் பார்த்து அத்தையை ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் அதியமான்கோட்டையில், டீக்கடையில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், அரக்குப் பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக அத்தை தக்காளி டெம்போவிலிருந்து இறங்கினார். நான் பார்த்தது அவ்வளவுதான். கார் மறுநாள் இன்னொரு வண்டியின் பின்னால் கட்டியிழுக்கப்பட்டு வந்தது.

அன்றிலிருந்து அத்தை அந்தக் காரில் ஏறவில்லை.

கேட்டால், "எனக்கு பஸ்ஸுதான் ஒத்துக்குது" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். தக்காளி டெம்போவில் வந்து இறங்கிய அவமானம் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். நான் அதை வைத்து அவரை ஓட்டாத நாள் கிடையாது. அவர் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பும்போதெல்லாம், "ஏனுங்க அத்தை, இன்னிக்கு டெம்போ லீவுங்களா?" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே பையால் என் தோளில் ஒன்று வைத்துவிட்டுப் போவார்.

சிரிக்க முடியாதவர் என் கணவர்தான். வீட்டு வாசலில் கார் நிற்க, பெற்ற தாய் அதைச் சுற்றிக்கொண்டு பஸ் பிடிக்கப் போவதை எந்த மகன் தாங்குவான்? கடத்தூர்ச் சந்தைக்கு அத்தை பஸ்ஸில் போனால், இவர் காலிக் காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். பஸ் நின்றால் காரும் நிற்கும். அத்தை கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாக மகனுக்கு டாட்டா காட்டுவார். காய்கறிப் பை காரில் வரும், அத்தை பஸ்ஸில் வருவார். ஊரில் இதற்கு யாரும் டிக்கெட் போடவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் அத்தையின் அதே ஓமலூர்த் தம்பி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள். மூத்த அக்கா என்ற முறையில் அத்தை சீர்த்தட்டு கொண்டு போக வேண்டும். சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பஸ்ஸில் போய் இறங்குவதை நினைத்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. "இந்தத் தடவை அம்மாவ நம்ம வண்டியில கூட்டிட்டுப் போறேன். தொப்பூர்ல திணறாம ஏத்திக் காட்டறேன். இல்லன்னா வண்டிய எடைக்குப் போட்டுடறேன்" என்று என்னிடம் சொன்னார். சொன்னபோது முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

நல்லம்பள்ளியில் இவருக்கு ஒரு மெக்கானிக் உண்டு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களோடு தமிழில் பேசுவார், காரைத் திட்டும்போது மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். அவர்தான் நோயைச் சொன்னார். காற்றும் பெட்ரோலும் சேரும் கணக்கு சரியில்லை. பெட்ரோல் கூடினால் எஞ்சின் புகைந்து திணறும், குறைந்தால் சூடேறி உள்ளுக்குள் தட்டும். ஏற்றத்தில் இந்தக் கார் புகைந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்குகிற துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். அதை மாற்றினால் சரியாகும். எந்த அளவு ஜெட் என்பதுதான் கேள்வி. "நான் பொகைய மோந்து பாத்தே சொல்லிருவேன் அண்ணா" என்று சைலன்சர் பக்கம் குனிந்தவர் அரை மணி நேரம் இருமினார்.

அப்போதுதான் இவர் யூடியூபில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரைக் கண்டுபிடித்தார். சைலன்சர் குழாயில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டால் அது புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை மோந்து பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று எண்ணாகவே காட்டும். சாதாரண சென்சாருக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. நான் வேதியியல் டீச்சர் என்பதால் வீட்டில் விளக்கம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சுலபமாகவே சொன்னேன். "உங்கம்மா என் சாம்பாரை வாயில வச்சா 'உப்பு கூட' இல்லன்னா 'உப்பு கம்மி', ரெண்டுல ஒண்ணுதான் சொல்வாங்க. அது சாதா சென்சார். எத்தனை சிட்டிகை கூடன்னு சொன்னா அது வைட்பேண்ட்." அடுக்களையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "இன்னிக்கு ரெண்டு சிட்டிகை கூட, கண்ணு."

பிறகு தொடங்கியது தேர்ந்தெடுக்கும் படலம். காலையில் பல் விளக்கும்போது ஒரு சென்சார் பிடிக்கும், ராத்திரி பாய் விரிக்கும்போது வேறொன்று. முதலில் மலிவாக ஒன்றைத் தருவித்தார். கண்ணைப் பறிக்கும் நீல வெளிச்சத்தில் 14.7 என்று காட்டியது. எஞ்சினை முறுக்கினாலும் 14.7. எஞ்சினை அணைத்தாலும் 14.7. சென்சாரைக் கழற்றிக் கையில் பிடித்தாலும் 14.7 தான். "பரவால்லீங்க, உங்கள மாதிரியே சொன்ன சொல் மாறாது" என்றேன். திருப்பி அனுப்பினோம்.

அடுத்து இரண்டு வகை மிஞ்சின. ஒன்று புதுவகை. தொழிற்சாலையிலேயே அளவு சரிபார்த்து, அந்தக் கணக்கைத் தன் இணைப்பு முனைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருவது. மாட்டினால் போதும். இன்னொன்று பழையவகை. ஏற்றத்தில் வரும் எண்களை எல்லாம் லேப்டாப்பில் கோடாக வரைந்து காட்டும். ஆனால் மாட்டுவதற்கு முன் அதைச் சுத்தமான காற்றில் தொங்கவிட்டு, 'இதுதான் காற்று' என்று பழக்க வேண்டும். அந்தக் காற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் பிறகு புகையை எடைபோடும்.

நான் புதுவகை என்றேன். எங்கள் வீட்டில் வந்து செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று மிச்சமிருந்தால் அது கோணலாகத்தான் முடியும் என்பது என் அனுபவம். இவருக்கோ கோடு வேண்டும். மோட்டார் ஓடுகிற நேரத்தில் தண்ணீர் அழுத்தம் ஏறி இறங்குவதையே கோடு போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிற ஆளுக்கு, கோடு வரைகிற சென்சாரை வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? பழையவகை வந்து சேர்ந்தது. கட்டைவிரல் பருமன், நுனியில் துளைகள் போட்ட ஒரு இரும்பு மூக்கு, பின்னால் நீளமாக வால்.

சுத்தமான காற்றுக்கு எங்கே போவது என்று சாப்பாட்டு நேரத்தில் பேசினோம். வாசலில் ஹைவே, லாரிப் புகை. மாடியில் பக்கத்துப் பரோட்டாக் கடையின் அடுப்புப் புகை. பின்கட்டில் மாட்டுச் சாணம், அதிலிருந்து கிளம்பும் வாயு எரியக்கூடியது என்று நான் தடை போட்டேன். "அப்பறம் எங்கதாம்மா இருக்குது சுத்தமான காத்து?" என்று இவர் தட்டைத் தள்ளிவிட்டார். கடைசியில் நடுவீடுதான் என்று முடிவாயிற்று. அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த மூக்கு மோந்து பாக்கற மொத காத்து சுத்தமா இருக்கோணும், அதானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதேதான் அத்தை" என்று நானும் கெட்டிக்கார மாணவியைப் பாராட்டுவது போலச் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால், கார் பேட்டரியை நடுவீட்டுக்குத் தூக்கி வந்தார். முக்காலியின் விளிம்பில் சென்சாரை மூக்கு கீழே இருக்கும்படி தொங்கவிட்டு வயரை இணைத்தார். இனி அதுவே சூடேறி, அதுவே கணக்கு எடுத்துக்கொண்டு, பச்சை விளக்கைக் காட்டும். அந்த நேரம் பார்த்து அத்தை, "இட்லி ஆறிப்போவுது, ரெண்டு பேரும் போயி உண்ணுங்க. நான் பாத்துக்கறேன்" என்று எங்களை அடுக்களைக்கு விரட்டினார். சாப்பிட்டு வந்து பார்த்தால் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. வீட்டில் கமகமவென்று சாம்பிராணி வாசம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அந்த வாசம் இல்லாவிட்டால்தான் என்ன ஆயிற்று என்று கேட்போம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மெக்கானிக் குழாயில் சென்சாரை மாட்டினார். எண்ணைக் காட்டும் அதன் மீட்டர் பேசத் தொடங்கியது. ஏற்றத்துக்கு பன்னிரண்டரையிலிருந்து பதிமூன்றுக்குள் இருந்தால் போதும் என்று இவர் படித்து வைத்திருந்தார். மீட்டர் பத்து, பத்தரை என்றது, அதாவது பெட்ரோல் தாராளம். ஜெட்டைச் சின்னதாக்கினார்கள். இன்னும் தாராளம் என்றது. இன்னும் சின்னதாக்கினார்கள். மூன்றாவது ஜெட்டில் மீட்டர் 12.7 என்று காட்டியதும் இவர் எனக்குப் போன் செய்து, மகனுக்கு வேலை கிடைத்த மாதிரி சொன்னார்.

மறுநாள் தொப்பூருக்குத் தனியாகப் போனார். கணவாயில் இறங்கிவிட்டு, திரும்பி ஏறும்போது மீட்டரில் 12.7 அழகாக நின்றதாம், கோடு கயிறு கட்டியது போல நேராக இருந்ததாம். எஞ்சின் மட்டும் ஆணியை டப்பாவில் போட்டுக் குலுக்கிய மாதிரி கடகடவென்று தட்டி, சூடு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டுவந்து சேர்த்தார். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. பெட்ரோல் போதாமல் காய்ந்திருக்கிறது. மீட்டரோ எல்லாம் சரி என்கிறது. பிளக் ஒரு கதை, மீட்டர் ஒரு கதை. மெக்கானிக் வெகுநேரம் கன்னடத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்.

காதுகுத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தைதான் கிட்டே போய் நின்றார்.

"ஏஞ் சாமி, அந்த மூக்கு சரியா மோந்து பாக்கலியா?"

"இல்லம்மா. என்னமோ தப்பு."

"அதெப்படி? நான் அத்தனை சுத்தம் பண்ணிக் குடுத்தனே!"

இவர் மெதுவாகத் திரும்பினார். நானும் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டேன். "என்ன பண்ணீங்க அத்தை?"

"என்ன பண்ணுவாங்க? சுத்தமான காத்து வேணும்னு நீதானே சொன்ன? நல்லா தணலு போட்டு, சாம்பிராணிய தாராளமா தூவி, அந்த முக்காலிக்கு அடியிலயே வச்சேன். கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டேன். பச்ச வெளக்கு வர்ற வரைக்கும் விசிறிட்டே இருந்தேன். கையி வலிச்சிப் போச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன், பிறகு அடங்கவில்லை. தணல் ஆக்ஸிஜனைத் தின்று, சாம்பிராணிப் புகை மண்டிய காற்றை 'இதுதான் சுத்தமான காற்று' என்று அந்தச் சென்சார் நம்பியிருக்கிறது. அளவுகோலே சுருங்கிப் போனதால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கிறது. பெட்ரோல் கொஞ்சம் கூட என்றால் ரொம்பக் கூட என்று அலறியிருக்கிறது. அதை நம்பி இவர்கள் எஞ்சினைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து, எந்தக் கை வலித்தது என்று கேட்டார்.

ஏறவே மாட்டேன் என்றிருந்த காருக்கு அத்தை எதற்காகக் கை வலிக்க விசிறினார் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. சாம்பிராணிச் சிரிப்பில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நல்லம்பள்ளியைத் தாண்டி ஒரு கடலைக்காட்டு வரப்பில் பேட்டரியை இறக்கி, புகையோ பூஜையோ எட்டாத இடத்தில் சென்சாரை மறுபடியும் பழக்கினோம். மீட்டர் இப்போது வேறு மாதிரி பேசியது. பழைய ஜெட்டுக்கு ஒரே ஒரு அளவு சின்னது போதும் என்றது. மாற்றி ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பார்த்தால் மரவள்ளித் தோல் நிறத்தில் இருந்தது. மெக்கானிக் தமிழுக்குத் திரும்பினார்.

காதுகுத்தன்று அத்தை வழக்கம்போலச் சீர்த்தட்டோடு பஸ் ஏறினார். இவர் முகம் தொங்கிப் போயிற்று. "விடுங்க, போகும்போது எறக்கம்தானே. வரும்போது பாத்துக்கலாம்" என்று தேற்றி, நாங்கள் காரில் பஸ்ஸின் பின்னாலேயே போனோம். பழக்கப்பட்ட ஊர்வலம்தானே. விருந்து முடிந்து கிளம்பும்போது காலித் தட்டுகளோடு அத்தை நேராகக் காரிடம் வந்தார். பின்கதவைத் தானே திறந்தார். தட்டுகளை வைத்தார். பிறகு தானும் ஏறி உட்கார்ந்தார். இவர் சாவியைப் போடத் தெரியாதவர் போலத் தடவிக்கொண்டிருந்தார். நான் திரும்பாமல் முன்னால் பார்த்தேன்.

கணவாய் ஏற்றம் தொடங்கியது. லாரிகள் உறுமிக்கொண்டு ஊர்ந்தன. மீட்டரில் 12.8. கார் திணறவில்லை, தட்டவில்லை. "எத்தனை காட்டுது?" என்று பின்னாலிருந்து அத்தை கேட்டார். சொன்னேன். கொஞ்சம் போனதும் மறுபடியும் கேட்டார். அந்தப் பழைய வளைவு வந்தபோது பையிலிருந்து எதையோ எடுத்து மடியில் வைத்துக்கொள்வது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பில் ஒரு புதுத் துண்டு. கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"இது எதுக்குங்க அத்தை?"

அவர் என்னிடம் பேசவில்லை. மகனின் முதுகைப் பார்த்துத்தான் பேசினார்.

"அன்னைக்கு நீ வண்டிக்குப் பின்னாடி போயி நின்னு வெள்ளத் துண்ட வீசுன. லாரியெல்லாம் உன்ன ஒரசிட்டுப் போவுது. நான் உள்ளார உக்காந்து கண்ணாடியில பாத்துட்டே இருந்தேன். எறங்கினா, 'உள்ள போம்மா'ன்னு கத்தற. தக்காளி வண்டிக்காரன் என்ன மட்டும் ஏத்திக்கிட்டான். திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தேன் சாமி. வூடு வந்து சேர்ற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல."

இத்தனை நாள் தக்காளி, தக்காளி என்று நான் சிரித்ததும், அவர் கூடவே சிரித்துக்கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. இவர் வளைவைப் பார்த்தே ஓட்டினார். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

"அதனால இப்பவே சொல்லிப்புட்டேன்" என்று அத்தை துண்டைப் பிரித்து உதறி, கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "வண்டி நின்னா நான்தான் எறங்கிப் பின்னாடி நிப்பேன். நீ உள்ளயே உக்காந்திரு."

"சரிங்கம்மா" என்றார் இவர்.

வண்டி நிற்கவில்லை.